மூடாத வால்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்குத் திரும்பும் முனையில், இம்மானுவேலும் ஏஞ்சலும் கிரில் சிக்கன் கடை போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இம்மானுவேல் அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு ரோலிங் மில்லில் இருந்தவன். சூடான கம்பி ஒன்று வளைந்து வந்து காலைப் பதம் பார்த்த பிறகு அவனால் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு கடையைத் தொடங்கினான். கோழிக்கு மசாலா போடுவதும் கணக்குப் பார்ப்பதும் ஏஞ்சல். மெஷினில் நிற்பது அவன். கால் வலித்தால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான்.

கட்டடம் அரசப்பனுடையது. ஊரில் நெல் விளையும் நிலம் வைத்திருந்தவர். ரோட்டை ஒட்டிய பகுதியில் மட்டும் கீழே மூன்று கடைகளும் மேலே ஒன்பது ரூம்களும் கட்டி, வடநாட்டுத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மேலே போகப் படிக்கட்டு வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது இம்மானுவேல் கடையின் பின்பக்க ஜன்னல் குறுக்கே வந்தது. செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கடைக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் ஒன்றுதான் வாசல், ஜன்னல், எல்லாம்.

கிரில் மெஷின் ஆளுயரம் இருக்கும். முகப்பில் கண்ணாடி, உள்ளே நாலு வரிசை பர்னர். அடியில் சக்கரம் இருந்தது. கடை திறக்கும்போது வெளியே தள்ளி ரோட்டோரம் நிறுத்துவார்கள், மூடும்போது உள்ளே தள்ளுவார்கள். சிலிண்டர் கடைக்குள் பின்சுவர் மூலையில் இருந்தது. அங்கிருந்து மெஷின் வரைக்கும் தரையோடு ஆரஞ்சு நிறத்தில் நீளமான ரப்பர் டியூப் ஓடியது. அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு, நிரம்பிய சிலிண்டர்கள்.

சிலிண்டர் கொண்டுவரும் முனுசாமிக்கு இது பிடிக்கவில்லை. ஏஜென்சி வண்டியில் இருபது வருடம் ஓடியவன் அவன். ஒவ்வொரு முறையும் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டு, நுரை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

"இன்னாக்கா, இன்னும் உள்ளயே வெச்சிக்கினு கீறீங்க? வெளிய கம்பிக்கூண்டு ஒண்ணு அடிச்சி, நெழல்ல நிக்க வைங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"ஓனரு வெளிய வெக்க உடமாட்றாருப்பா. வண்டி நிறுத்துற எடம்ன்றாரு."

"சும்மா கீற சிலிண்டர் ரெண்டையாச்சும் இங்கருந்து எடுங்க. லீக்காச்சின்னா இது மேல போற கேஸு இல்லக்கா. தண்ணி மாதிரி தரையில தேங்கி நிக்கும். அப்பிடி வாசன வந்தா சுவிட்சு போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. உள்ளயே போகக் கூடாது. வெளிய வந்துட்டு போன் பண்ணு." பிறகு அவன் குனிந்து டியூப்பைக் கையில் எடுத்து மடக்கிப் பார்ப்பான். மெஷினைத் தள்ளும்போது சக்கரம் ஏறி ஏறி ஒரு இடத்தில் அது வெளுத்திருந்தது. "இத மாத்திடுண்ணா," என்று இம்மானுவேலிடம் சொல்வான்.

"மாத்திக்கலாம்," என்பான் இம்மானுவேல்.

ஏஞ்சல் ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கடை மூடும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடுவது, டியூப்பில் இருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்ததும் மெஷினின் திருகுகளை மூடுவது. மூன்று வருடத்தில் ஒரு நாளும் அதை அவள் இம்மானுவேலிடம் விட்டதில்லை. அவனும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மேலே நாலாம் நம்பர் ரூமில் இருந்தவன் சுகாந்த் மாஜி. ஒடிசாக்காரன், இருபத்தேழு வயது, ஒரு ஸ்டீல் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிந்து ஆறு மணிக்கு அவன் வேலை முடித்து வரும் நேரமும் கோழி வண்டி வரும் நேரமும் ஒன்றாக இருந்தது. அதனால் கடையின் இன்னொரு சாவி அவனிடம் இருந்தது. கோழியை இறக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவான். பதிலுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கடையில். தமிழ் ஓரளவு பேசுவான். ஏஞ்சலை அக்கா என்பான், இம்மானுவேலை சேட்டா என்பான். முன்னால் கேரளாவில் இருந்த பழக்கம்.

அது மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து பதினொரு மணிக்குக் கடை திறந்தார்கள். மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. ஐந்தரைக்கு மறுபடி திறப்பதற்குள் வீட்டுக்குப் போய் வருவது வழக்கம். அன்றைக்கு மகள் ஷைனிக்குக் காய்ச்சல். எட்டாவது படிக்கிற பெண், வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள். மூடும் நேரத்தில் அவள் போன் செய்து, வாந்தி எடுத்துவிட்டேன் என்று அழுதாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே ஏஞ்சல் மெஷினின் திருகுகளை மூடினாள். தீ அணைந்தது. "தோ வந்துட்டேன்டி, தண்ணி குடிக்காத, கொப்புளிச்சிட்டு படு," என்று பேசிக்கொண்டே பையை எடுத்தாள். இம்மானுவேல் மெஷினை உள்ளே தள்ளினான். வெளுத்திருந்த இடத்தில் சக்கரம் ஏறி நின்றது. ஷட்டரை இறக்கிப் பூட்டி, இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். பின் மூலையில் வால்வு திறந்தபடியே இருந்தது.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏஞ்சலின் போன் அடித்தது. சுகாந்த்.

"அக்கா, கடையில கேஸ் ஸ்மெல். ரொம்ப வருது. படி வரைக்கும் வருது."

ஏஞ்சல் ஷைனியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது: பேசிக்கொண்டே திருகுகளை மூடியது, பையை எடுத்தது, பின் மூலைக்குப் போகாதது.

"ஐயோ, வால்வு! சுகாந்த், உன்கிட்ட சாவி கீதுல்ல? ஷட்டர தொறந்து உடு. உள்ள போயி சிலிண்டர் வால்வ மூடிடு. நாங்க வந்துக்கினே கீறோம்."

"சரிக்கா."

அவ்வளவுதான். இம்மானுவேல் வண்டியை எடுக்க, அவள் பின்னால் ஏறினாள். வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிடம். ரயில்வே கேட் அருகே வரும்போது அவளுக்குக் கடையின் பின் மூலை ஞாபகம் வந்தது. அந்த மூலை இருட்டு. பகலிலும் லைட் போட்டால்தான் வால்வு தெரியும். சுகாந்த் தினமும் விடிகாலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் செய்வது அந்த லைட்டைப் போடுவதுதான். முனுசாமி சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். சுகாந்துக்கு யார் சொன்னது?

ஓடும் வண்டியிலேயே அவனை அழைத்தாள். ரிங் போவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. கம்பெனியில் ஏதோ இறக்குகிறார்கள் என்றுதான் இம்மானுவேல் முதலில் நினைத்தான். பிறகு மரங்களுக்கு மேலே காக்கைகள் கிளம்பின.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் ரோட்டின் அந்தப் பக்கம், சுருண்ட தகரமாகக் கிடந்தது. கடை வாசலில் தீ. மெஷினின் கண்ணாடி பொடிப்பொடியாக ரோடெங்கும். உள்ளே, வாசலிலிருந்து நாலடி தூரத்தில் சுகாந்த் முழங்காலில் இருந்தான். எழுந்திருக்க முயல்கிறவன் போல இருந்தான். இம்மானுவேல் வண்டியைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினான். சுகாந்தின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். சட்டை உருகி ஒட்டியிருந்தது. இழுத்து முடிப்பதற்குள் இம்மானுவேலின் கைகள் இரண்டும் வெந்துவிட்டன. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கள் ஈரச் சாக்கு போட்டு, நிரம்பியிருந்த அந்த இரண்டு சிலிண்டர்களையும் வெளியே உருட்டினார்கள். அவை வெடிக்கவில்லை.

முதலில் பொன்னேரி. அங்கிருந்து சென்னைக்கு, தீக்காய வார்டுக்கு. இம்மானுவேலுக்குக் கைகளில் மட்டும்தான் காயம் என்பதால் இரண்டு நாள் கழித்துக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சுகாந்துக்கு எழுபது சதவீதத்துக்கு மேல்.

செவ்வாய்க்கிழமை காலை ஏஞ்சல் ரயில் பிடித்துப் போனாள். சுகாந்தை ஒரு கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் இருந்தது. ஆனால் பேசினான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது, அவன் தெளிவாகப் பேசியது.

"அக்கா வந்தியா."

"வந்தேன்பா."

"லைட் போட்டேன். உள்ள இருட்டு. எனக்கு தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "கடை போச்சா?"

"கடைய வுடு. நீ பேசாத."

"சேட்டா திட்டுவாரு. தப்பு என்னுது."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். உன்னைப் போகச் சொன்னது நான், வால்வை விட்டது நான். அது எதுவும் வெளியே வரவில்லை. நர்ஸ் வந்து, "போதும்மா, வெளிய இரு," என்றாள். ஏஞ்சல் வெளியே வந்து உட்கார்ந்தாள். மதியம் மறுபடி கேட்டபோது உள்ளே விடவில்லை. புதன்கிழமை விடிந்ததும் அவன் இறந்துபோனான் என்று போன் வந்தது.

அன்றைக்கே அரசப்பன் வீட்டுக்கு வந்தார். இம்மானுவேலின் தாத்தா அவருடைய அப்பாவின் நிலத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் இந்த வீட்டு வாசலுக்கு அரசப்பன் குடும்பத்தில் யாரும் வந்ததில்லை. இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஏஞ்சல் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார்.

"போனவன் போய்ட்டான் இம்மானுவேலு. கீறவங்க பொழைக்கணும்ல? இன்ஸ்பெக்டரு கிட்ட பேசிட்டேன். அந்தப் பையன் உள்ள பீடி புடிச்சிக்கினு போனான். அதான் புடிச்சிக்கிச்சி. அவன்கிட்ட சாவி இருந்திச்சி, அவனா தொறந்தான். நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல இருந்தீங்க. அவ்ளோதான்."

இம்மானுவேல் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இல்லன்னா இன்னா ஆவும் தெரியுமா? உன் மேல கேஸு, உன் பொண்டாட்டி மேல கேஸு. ஜன்னலு எங்க, பர்மிஷன் எங்கன்னு என்னையும் இழுப்பானுங்க. எதுக்கு இந்த பேஜாரு?"

"அவன் பீடி குடிக்கமாட்டான் ஓனரே," என்றாள் ஏஞ்சல்.

"அது எனக்குத் தெரியும்மா, உனக்குத் தெரியும். கேக்கறதுக்கு யாரு வரப்போறா?"

மாலையில் போலீஸ் வந்தபோது இம்மானுவேல் அப்படியே சொன்னான். ரைட்டர் எழுதிக்கொண்டார். ஏஞ்சலை யாரும் கேட்கவில்லை.

கேட்க ஒருவன் வந்தான். சுகாந்தின் அண்ணன் சுரேந்திரா. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இறங்கி நேராகச் சவக்கிடங்குக்கு வந்தான். ஏஞ்சல் அங்கே காத்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த ஆள். அவன் பேசிய தமிழைக் கேட்டு ஏஞ்சல் திடுக்கிட்டாள். ஆர்.கே.பேட்டை பக்கம் செங்கல் சூளையில் ஆறு வருடம் கல் அறுத்தவன். இந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது போலவே பேசினான்.

சுகாந்தைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்த காண்ட்ராக்டரின் ஆள் அவனிடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தான். குடித்துவிட்டு, பீடி பற்றவைத்து, கடையையும் கொளுத்தி, தன்னையும் கொளுத்திக்கொண்டான் என்று. ஊருக்கும் அப்படியே போன் போய்விட்டது. சொந்தத் தப்பால் செத்தவன் என்பதால் உடலை அனுப்பும் செலவு கம்பெனியைச் சேராது என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவன் ஏஞ்சல் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீதானே கடைக்கார அக்கா? உன்னப் பத்தி போன்ல சொல்லுவான். சோறு போடறாங்கன்னு."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும். அவன் பீடி தொட்டதே இல்ல. எங்க அப்பா அதுலதான் செத்தாரு, இருமி இருமி. இங்க வந்து எப்ப பழகினான்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தனக்குத் தெரியாமல் தம்பி எப்போது மாறினான் என்பதைத் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"தெரியலயே," என்றாள் ஏஞ்சல்.

சொன்ன உடனே அங்கே நிற்க முடியாமல் வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கும்மிடிப்பூண்டி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் இம்மானுவேலிடம் சொன்னாள்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"நடந்தத சொல்லப் போறேன்."

ஷைனி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் குரலை அடக்கினான். "பைத்தியமா உனக்கு? ஓனரு பேசி முடிச்சி வெச்சிகிறாரு. இந்தக் கையோட நான் ஜெயிலுக்குப் போணுமா? நீயும் உள்ள போயிட்டா புள்ளய யாரு பாக்கறது?"

"அவன் அண்ணன் என்னப் பாத்து கேக்கறான். எப்ப பீடி பழகினான்னு. நான் தெரியலன்னு சொல்லிட்டேன். என் வாயால சொல்லிட்டேன்."

"சொல்லிட்டல்ல? அப்பிடியே உடு. இன்னும் ரெண்டு நாள்ல அவன் ஊருக்குப் போய்டுவான்."

"செத்தவன் தலையில போடறதுக்கு உனக்கு எப்பிடி மனசு வந்திச்சி? நீதான அவன இழுத்துக்கினு வந்த? கையப் பாரு உன்னோடது."

"அதான் சொல்றேன்! நான் இழுத்தேன், எரிஞ்சிக்கினு இழுத்தேன். அத வுட இன்னா பண்ண முடியும்? இன்னும் இன்னா வேணும் அவனுக்கு?"

 அவன் அழுதான். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் பின்னால் இருந்து, "போனா இந்த ஊட்டுக்கு வராத," என்றான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. ஏட்டு திலகவதி இருந்தார். ஏஞ்சல் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னா சொல்றேன்னு உனக்கு புரியுதாம்மா? இது உன் மேல நீயே கேஸு போட்டுக்கற மாதிரி."

"புரியுது மேடம்."

"உன் ஊட்டுக்காரரு வேற மாதிரி சொல்லிகிறாரே?"

ஏஞ்சல் போனைத் திறந்து காட்டினாள். ஞாயிறு, நாலு ஐம்பத்தைந்து, சுகாந்த், வந்த அழைப்பு, இருபத்திரண்டு விநாடி. அதன் மேலே நாலு ஐம்பத்தொன்பது, அவள் அழைத்தது, பதில் இல்லை.

"அவன் தானா உள்ள போவல மேடம். நான் போவச் சொன்னேன். சுவிட்ச தொடாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எனக்குத் தெரியும், சிலிண்டர் போடறவரு நூறு வாட்டி சொல்லிகிறாரு. அந்த நேரத்துல வாயில வரல."

திலகவதி எழுதியதை ஒதுக்கி வைத்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் வந்து படித்துவிட்டு, முடிந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் போன் ஆதாரம் எழுத்தில் ஏறிவிட்டது. அதை இனி எடுக்க முடியாது.

அடுத்த நாள் காலை ஏஞ்சல் மறுபடி சவக்கிடங்குக்குப் போனாள். சுகாந்தோடு வேலை செய்த நாலைந்து ஒடிசாக்காரர்கள் சேர்ந்து ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டி உள்ளே ஏறிவிட்டது. சுரேந்திரா வண்டிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், வால்வு, போன், லைட், பிறகு வார்டில் அவன் தப்பு என்னுது என்று சொன்னதையும், தான் அதை மறுக்காமல் வந்ததையும். நேற்று தெரியல என்று சொன்னது பொய் என்றும் சொன்னாள்.

 அவள் முடித்ததும் அவன் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான்.

"எழுதிக் குடு," என்றான்.

"இன்னாது?"

"இப்ப சொன்னத. காயிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. ஊர்ல எல்லாரும் குடிகாரன்னு பேசறாங்க. எங்க அம்மாவ தண்ணி எடுக்கப் போனா பேசறாங்க."

மருத்துவமனை வாசலில் ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் வாங்கி, அங்கேயே கவுண்டரில் வைத்து எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் பெயர், முகவரி, போன் நம்பர். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"படி," என்றான்.

தெருவில் நின்று அவள் சத்தமாகப் படித்தாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'அவர் மீது எந்தத் தவறும் இல்லை' என்ற வரிக்கு வந்தபோது அவன், "இன்னொரு வாட்டி," என்றான். படித்தாள். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வண்டியில் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினான்.

ஏஞ்சலுக்கு மனசு லேசாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். லேசாகவில்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது இம்மானுவேல் கதவைப் பூட்டவில்லை. ஆனால் பேசவில்லை. இரண்டு வாரத்தில் ஷைனியைக் கூட்டிக்கொண்டு மணவாள நகரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். புதிதாக எழுதிய கேஸில் மூன்று பேர்: இம்மானுவேல், ஏஞ்சல், அரசப்பன். மூவருக்கும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. அரசப்பன் மாதத்துக்குள் அடைத்த ஜன்னலை உடைத்துத் திறந்து, கடைக்கு வெள்ளையடித்தார். மேலே நாலாம் நம்பர் ரூமுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஏஞ்சல் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் கேன்டீனில்தான் போட்டார்கள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டதும் அவள் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு ஆபீஸ் பக்கம் மாற்றினார்கள்.

மே மாதம் ஒரு நாள் மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சுரேந்திரா.

"அம்மா கேக்கச் சொல்றாங்க. அன்னிக்கு அவன் சாப்டானா?"

ஏஞ்சல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சாப்டான். ஒரு மணிக்கு வந்தான். சோறு, கோழிக் கொழம்பு. ரெண்டாவது வாட்டியும் சோறு கேட்டு வாங்கினான். மோரு ஊத்தினேன்."

அவன் அதை அவர்கள் பாஷையில் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது.

"யாரு போட்டதுன்னு கேக்கறாங்க."

"நான்தான் போட்டேன்."

 பிறகு லைன் துண்டானது. அதன் பின் அவர்கள் அழைக்கவே இல்லை.

நவம்பரில் பொன்னேரி கோர்ட்டில் கேஸ் வந்தது. வக்கீல் மூவரிடமும் சொல்லியிருந்தார்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அரசப்பன் இல்லை என்றார். இம்மானுவேல் இல்லை என்றான். ஏஞ்சல், "ஆமாங்க ஐயா," என்றாள். நீதிபதி இரண்டாவது முறை கேட்டார். யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். அடுத்த வாரமும் அவள் அதையே சொன்னாள். ஆறு மாதம் கொடுத்தார்கள். மற்ற இருவர் மேலான கேஸ் தனியாகப் பிரிந்து அடுத்த தேதிக்குத் தள்ளிப்போனது.

புழல் சிறையில் மூன்றாவது வாரம் இம்மானுவேல் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தோல் பளபளவென்று வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஷைனி எப்பிடி கீறா?"

"கீறா. பரீட்ச நடக்குது. சனிக்கெழம கூட்டியாரேன்."

 சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டியூப்ப நான் மாத்தியிருக்கணும் ஏஞ்சலு," என்றான். "முனுசாமி எத்தினி வாட்டி சொன்னாரு. நல்ல டியூப்பா இருந்திருந்தா, நீ வால்வ மறந்திருந்தாகூட ஒண்ணும் ஆயிருக்காது."

"தெரியும்," என்றாள் அவள்.

"அடுத்த தேதியில சொல்லணும்னு நெனைக்கிறேன். ஆனா நானும் உள்ள வந்துட்டா ஷைனி..." அவன் முடிக்கவில்லை.

"நான் வெளிய வந்தப்பறம் சொல்லு. அது வரைக்கும் அவள பாரு."

அவன் தலையாட்டினான். நேரம் முடிந்ததென்று காவலர் வந்து சொன்னார். இம்மானுவேல் காலை இழுத்துக்கொண்டு வரிசையோடு வெளியே போனான். ஏஞ்சல் உள்ளே திரும்பினாள். வெளியே வர அவளுக்கு இன்னும் ஐந்து மாதமும் சில நாட்களும் இருந்தன.